பூம்பாறையில் இறங்கி நடப்போம்



கொடைக்கானலுக்குப் போய்வந்தவர்களிடம் பூம்பாறை பார்த்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "பார்த்தோமே, மேலே ரோட்டில் வண்டியை நிறுத்தி போட்டோ எடுத்தோம்" என்பார்கள். அந்த வளைவில் நின்றால் ஊர் மொத்தமும் கண்ணில் விழும். நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் வீடுகள், சுற்றிலும் படிப்படியாக இறங்கும் வயல்கள். பார்க்கச் சலிக்காத காட்சி. ஆனால் பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிடுகிறது. இன்றைக்கு நாம் அப்படிக் கிளம்பாமல் ஊருக்குள் இறங்கி நடப்போம்.

கொடைக்கானலிலிருந்து மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர். உள்ளூர் பஸ்ஸே போகிறது. போகும் வழியில் 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்த இடம் அது. உலகத்து வானியல் புத்தகங்களில் இன்றும் அவர் பெயராலேயே அந்த நிகழ்வைச் சொல்கிறார்கள். அதைத் தாண்டினால் பைன் மரங்களும் சீகை மரங்களும் கொஞ்ச தூரம் கூடவே வரும். பிறகு மலைச்சரிவு திறந்துகொள்ளும். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே இருக்கிறது பூம்பாறை. வெயில் அடிக்கும்போதே காற்று சில்லென்று இருக்கும்.

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு முன்னால் மூக்குக்கு ஒன்று தெரியும். பூண்டு வாசனை. கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பட்டாணி எல்லாம் இங்கே விளைகின்றன என்றாலும், ஊரை நடத்துவது பூண்டுதான். வருஷத்துக்கு இரண்டு போகம். அறுவடைக் காலத்தில் போனால் வாசல் திண்ணைகளில் பெண்கள் உட்கார்ந்து மண்ணை உதறி, வேரை அறுத்து, தாளோடு சேர்த்துக் கட்டுவதைப் பார்க்கலாம். கட்டிய பூண்டை வரிசையாகத் தொங்கவிட்டு, அடியில் நெருப்பு மூட்டிப் புகை போடுவார்கள். புகை பட்டுப் பட்டு மேல்தோல் பழுப்பேறிவிடும். இப்படிப் பக்குவம் செய்த பூண்டு ஒரு வருஷம் வரைக்கும் கெடாமல் இருக்கும். அடுத்த போகத்துக்கு விதைப் பூண்டும் அதிலிருந்துதான். கையில் ஒன்றை வாங்கி மோந்து பாருங்கள்: முதலில் புகை, அப்புறம் காரம். ஒரு பல்லை நசுக்கினால் விரலில் ஏறிய வாசம் சாயங்காலம் வரை போகாது. அடிவாரத்தில் பெரியகுளத்துக்குப் பக்கத்து வடுகபட்டிச் சந்தையில் மலைப்பூண்டுக்கென்றே வியாபாரம் நடக்கிறது.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருஷம் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. மலைக்கு மேலே விளைந்த ஒன்றுக்கும், அதே மலையின் அடிவாரத்தில் பிரசாதமாகத் தரும் ஒன்றுக்கும் ஒரே சமயத்தில் இந்த மதிப்பு வந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஏனென்றால் பூம்பாறைக்கும் பழனிக்கும் உள்ள உறவு பழையது.

ஊர் நடுவே குழந்தை வேலப்பர் கோயில். பழனியாண்டவரைப் போலவே இங்குள்ள மூலவரையும் போகர் சித்தர்தான் பாஷாணங்களைக் கட்டிச் செய்தார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. கோயிலும் பழனி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில்தான் இருக்கிறது. அருணகிரிநாதர் இங்கே வந்து தங்கியபோது, அவரைக் கொல்ல வந்த அரக்கியிடமிருந்து முருகன் குழந்தை உருவில் காப்பாற்றினான், அதனால்தான் குழந்தை வேலப்பர் என்று ஊரில் சொல்வார்கள். தைப்பூசத்தை ஒட்டி வரும் தேரோட்டத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். சமவெளியில் தேருக்கு முன்பக்கம் மட்டும் வடம் கட்டுவோம். இங்கே பின்பக்கமும் வடம் உண்டு. தெரு சரிவாக இருப்பதால், முன்னால் இழுப்பவர்கள் இழுக்க, பின்னால் இருப்பவர்கள் தேர் ஓடிவிடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். சுற்றுவட்டத்து மலைக்கிராமங்கள் அத்தனையும் அன்றைக்கு இங்கேதான்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். வயல்களுக்கு நடுவே நடக்கும்போது வரப்பின் விளிம்பில் ஏறி நிற்காதீர்கள். படிவயல் ஒன்றின் ஓரம் சரிந்தால் மண் கீழ்வயலில் இறங்கிவிடும். அதைத் திரும்பக் கட்டி எழுப்புவது ஒரு குடும்பத்தின் பல நாள் பாடு. மூட்டை சுமந்து குதிரைகள் வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள். பூண்டு வாங்குவதானால் விளைவித்தவர்களிடமே வாங்குங்கள்.

பூம்பாறைக்கு அப்பால் அதே சாலையில் இன்னும் 15 கிலோமீட்டர் போனால் மன்னவனூர். புல்வெளி அலை அலையாக இறங்கி ஓர் ஏரியில் முடிகிறது. பரிசலில் போகலாம். பக்கத்திலேயே மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ரோமத்துக்காக வளர்க்கும் பாரத் மெரினோ ஆடுகள் மேய்கின்றன. தமிழ்நாட்டில் கம்பளி ஆடு என்றால் நம்பாத பிள்ளைகளுக்கு அவசியம் காட்ட வேண்டிய இடம். இதே பகுதியில் உள்ள கூக்கால் ஏரி மன்னவனூர் ஏரியைவிட அமைதியானது; சோலைக்காட்டை ஒட்டி இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால், பைனும் சீகையும் நடுவதற்கு முன்னால் இந்த மலைகள் எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும்: பள்ளத்தில் சோலை, மேட்டில் புல். அந்தப் புல்வெளிகள்தான் குறிஞ்சியின் வீடு. 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக் கணக்குப்படி 2030-இல் மறுபடி பூக்க வேண்டும். அதற்குள் இருக்கிற புல்வெளியையாவது நாம் காப்பாற்றி வைக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து சொந்த வண்டியில் வருகிறவர்கள் கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இந்த ஏற்பாடு. ஸ்வெட்டர் மறக்காதீர்கள். பஸ்ஸில் வந்தால், இறங்கும்போதே திரும்பிப்போகும் பஸ்ஸின் நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னவனூருக்கு அப்பால் சாலை கவுஞ்சி, பூண்டி என்று போய்க் கடைசியில் கிளாவரையில் நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் கேரளத்தின் வட்டவடை. அங்கேயும் தமிழ் பேசும் குடியானவர்கள், அங்கேயும் படிவயல், அங்கேயும் பூண்டு. காந்தளூர் வட்டவடைப் பூண்டு என்று அதற்கும் தனியாகப் புவிசார் குறியீடு உண்டு. கிளாவரையிலிருந்து பார்த்தால் வட்டவடை பக்கம்தான். வண்டியில் போவதானால் மலையிறங்கி மூணாறு வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். அந்தப் பயணத்தை வேறொரு நாளில் பேசுவோம்.