தாத்தாவின் படம் யாருடைய உடைமை?
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் குடும்பப் படங்களைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நம் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கும் படங்களைச் சற்றே நினைத்துப் பாருங்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், மில்லில் இரவு ஷிப்ட் பார்த்தவர்கள், இராயபுரம் யார்டில் உழைத்தவர்கள். கம்பெனிப் பேரேடுகளில் இவர்களைப் பற்றி எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஓர் எண்ணும் ஒரு கைநாட்டும்தான். தாமே விரும்பி, தம் கைக்காசு கொடுத்து, தலைவாரி, சலவைச் சட்டை அணிந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அவர்கள் விட்டுச்சென்ற சாசனம் அந்த ஸ்டூடியோப் படம்.

இதன் அருமை விளங்க வேண்டுமானால் வேறொரு வகைப் படத்தை நோக்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-ஆம் ஆண்டில் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவி கொண்டு அளந்தவர் அவர். அத்தொகுதிகளில் உள்ள படங்களின் கீழே பெரும்பாலும் மனிதரின் பெயர் இராது. சாதியின் பெயரே இருக்கும். அங்கே படம் எடுக்கச் சொன்னவர் வேறு, எடுக்கப்பட்டவர் வேறு. ஸ்டூடியோவுக்குப் போன நம் பாட்டனார் விஷயத்தில் இருவரும் ஒருவரே. இந்த வேறுபாடு உணர்ச்சியோடு நின்றுவிடவில்லை. சட்டமும் இதை ஒட்டியே அமைந்திருக்கிறது.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் படம் எடுத்தவரையே அதன் ஆசிரியர் என்கிறது. ஆயினும், ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில், தக்க கூலி பெற்று எடுக்கப்பட்ட படமாயின், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டுக்கொண்டவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் என்று அதன் 17-ஆம் பிரிவு கூறுகிறது. இதற்கு முன் வழங்கிய 1914-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் விதி இவ்வாறே இருந்தது. ஆகவே நம் பாட்டனார் காசு கொடுத்து எடுத்த படத்தை வீட்டில் ஸ்கேன் செய்வதற்கு நாம் எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

ஸ்டூடியோ முத்திரை இருப்பதால் பிரதி எடுக்கக்கூடாது என்று சில கடைக்காரர்கள் சொல்வதுண்டு. அவர்கள் அயல்நாட்டு விதியை இங்கே பொருத்திப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் பொதுவாக உரிமை புகைப்படக்காரருக்கே. இங்கிலாந்திலும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அவ்வாறே ஆயிற்று. அங்குள்ள உறவினர்கள் அங்கே எடுத்த படங்களைப் பற்றி எச்சரிக்கை சொன்னால் அது நியாயமே.

ஆனால் இளைஞர்களே, வீட்டில் இருக்கும் எல்லாப் படமும் நம்முடையதென்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆலை நிர்வாகம் ஆள்வைத்து எடுத்த தொழிலாளர் குழுப்படம் நிர்வாகத்தின் உரிமை. ஊர்வலத்தில் ஒருவர் தம் விருப்பத்தில் எடுத்த படம் அவருடையது. திருமணப் படத்துக்கு முன்பணம் கட்டும்போது ரசீதின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருப்பதே அந்த 'மாறான ஒப்பந்தம்' ஆகலாம். படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். இவற்றையும் சொந்தப் பயனுக்காக நேர்மையான முறையில் பிரதி எடுத்துக்கொள்ள 52-ஆம் பிரிவு இடமளிக்கிறது. மலரில் அச்சிடுவதும், உலகமே காண இணையத்தில் ஏற்றுவதும் வேறு. அதற்கு உரியவரின் ஒப்புதல் வேண்டும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் புகைப்படத்தின் பதிப்புரிமை, எடுத்தவரின் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் நீள்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. படச்சட்டம் பெரியண்ணன் வீட்டில் தொங்குவதால் உரிமை அவர் ஒருவருக்கே என்றாகாது. பாட்டனாரின் உரிமை அவருடைய வாரிசுகள் அனைவருக்கும் போகிறது. மணமாகிப் போன அத்தைமாரும் அதில் அடக்கம். அச்சிடுமுன் அவர்களையும் கேளுங்கள்.

உரிமை நம்முடையதானாலும் எடுத்தவரின் பெயர் அவருக்கே உரியது. 57-ஆம் பிரிவு அதைக் காக்கிறது. முத்திரையை வெட்டி எறிந்துவிட்டுப் படத்தைச் சுற்றுக்கு விடுவது அந்தக் கலைஞனுக்குச் செய்யும் அநீதி. யார் உழைத்தார் என்று எழுதாமல் விடுவதன் வலி நமக்குத் தெரியாததா? கணினியில் பாட்டியின் முகத்தை வெளுப்பாக்கும் வழக்கத்தையும் விட்டொழியுங்கள். அந்நாளில் நெகட்டிவில் பென்சில் பூசி முகத்தை வெளுக்கச் செய்தார்கள். இந்நாளில் நாமே அதைச் செய்ய வேண்டுமா?

இவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்கலாம். 2004-இல் ஆழிப்பேரலை வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் எண்ணூர், எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தது. அரிசியை மீண்டும் வாங்கலாம். அலமாரியின் அடித்தட்டில் இருந்த படத்தை எங்கே வாங்குவது? பழைய ஸ்டூடியோக்களும் மூடப்பட்டு வருகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழம் படங்களையும் கண்ணாடி நெகட்டிவ்களையும் தேடிப் பிரதி எடுத்திருக்கிறது. நம் வீட்டுப் படத்தை நாம்தான் காக்க வேண்டும்.

முறை கடினமன்று. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், ஈரத்துணி ஆகாது. கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண முறையிலேயே, அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். அஞ்சல்தலை அளவுப் படமானால் 1200. மூலக் கோப்பை 'டிஃப்' வடிவில் தனியே வைத்து, ஒரு பிரதியை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். நம் கடற்கரைக் காற்றில் படம் சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வதுண்டு. அதைப் பிய்க்காமல், கண்ணாடியோடு சேர்த்து நிழல் வெளிச்சத்தில் படமெடுத்துவிடுங்கள். வெள்ளத்தில் நனைந்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டிக் காயவிடாமல் பிரித்து, தூய குளிர்ந்த நீரில் அலசி, முகம் மேலாக நிழலில் உலர்த்துங்கள்.

பின்புறத்தையும் ஸ்கேன் செய்ய மறவாதீர்கள். ஸ்டூடியோவின் பெயரும் ஆண்டும் அங்கேதான் இருக்கும். இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகத் தனித்தாளில் எழுதுங்கள். இடக்கோடியில் நிற்கும் சிறுமி யார் என்று சொல்லக்கூடியவர் ஒரு குடும்பத்தில் ஒருவரோ இருவரோதான் இருப்பார். அவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேளுங்கள்.