பித்தநாள அடைப்பும் ஏற்ற வேளையும்



குளிர்காய்ச்சல், வலது மேல்வயிற்றில் வலி, கண்ணில் மஞ்சள். இம்மூன்றும் சேர்ந்து வருவதை பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877-ல் விவரித்தார். பித்தநாளத்தில் கல் அடைத்து, கிருமி பெருகியதின் அடையாளம் அது.

அடைப்பு நீங்காவிட்டால் மருந்து மட்டும் போதாது; பித்தநீர் வடிய வழி திறக்கவேண்டும். முன்பு வயிற்றைத் திறந்தார்கள். 1974 முதல் வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, நாளத்தின் வாயைக் கீறிக் கல்லை எடுக்கிறார்கள். கடும் நோயாளிகள் 82 பேரைக்குறித்து ஹாங்காங் மருத்துவர்கள் 1992-ல் அறிவித்தார்கள்: அறுவைசிகிச்சை பெற்ற 41 பேரில் 13 பேர் மரித்தார்கள், எண்டோஸ்கோப் சிகிச்சை பெற்ற 41 பேரில் 4 பேரே மரித்தார்கள்.

எல்லாருக்கும் ஒரே அவசரம் இல்லை. ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கத்தின் 2019-ம் ஆண்டு நெறிப்படி, கிருமியினால் இரத்த அழுத்தம் விழுந்தவருக்கு 12 மணி நேரத்துக்குள். நடுத்தர நிலையில் 48 முதல் 72 மணி நேரத்துக்குள். இலேசானதற்கு நாள் குறித்துச் செய்யலாம்.

அந்தப் பன்னிரண்டு மணி நேரம் நள்ளிரவிலும் தொடங்கலாம். ஆகவே ஆயத்தமாய்க் காத்திருக்கும் கருவியும் ஆட்களும் வீண்செலவல்ல. உங்கள் சபையாருக்கும் சொல்லுங்கள்: காய்ச்சலோடு மஞ்சள் கண்டால், கீழாநெல்லி அரைத்து நாளைக் கடத்தாமல், அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.