காலுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்குமா?



தென்காசியிலிருந்து கடையநல்லூர், புளியங்குடி வழியாக மதுரைக்குப் போகும் சாலையில் பைக்கோடு விழுந்து, “தொடையில் கம்பி போட்டிருக்கு”, “கணுக்காலில் பிளேட் வச்சிருக்கு” என்று சொல்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கடையநல்லூர்க்காரர்களில் பலருக்கு வளைகுடா நாடுகளில் வேலை. அதனால் டாக்டரிடம் அவர்கள் கேட்கும் கேள்விகளில் இரண்டு தவறுவதில்லை. ஏர்போர்ட்டில் மிஷின் கத்துமா? உள்ளே கிடக்கிற கம்பி துருப்பிடித்துவிடாதா?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். கத்தினாலும் கத்தும், தழும்பையும் டாக்டர் சீட்டையும் காட்டினால் சோதித்துவிட்டு விடுவார்கள். இரண்டாவது கேள்வியை அப்படி ஒரு வார்த்தையில் முடித்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கேட்கிறவர் தன் உடம்பைப் பற்றிக் கேட்கிறார். பதிலைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

உலோகத்துக்கு நம் உடம்பு சொகுசான இடம் அல்ல. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் உப்பு என்று அச்சிட்டிருக்கும். ரத்தத்துக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது. கடல்நீரில் சுமார் 3.5 சதவீதம். ஆக, கடலில் உள்ளதில் கால்பங்கு உப்பு, 37 டிகிரி வெதுவெதுப்பு, கூடவே ஆக்சிஜனும் புரதங்களும். இப்படிப்பட்ட நீரில் அந்தத் தகடு இரவும் பகலும் கிடக்கிறது. ஆபரேஷன் ஆன புதிதில் புண்ணைச் சுற்றி அமிலத்தன்மையும் கூடும். சீழ் வைத்தாலும் அப்படித்தான்.

1912-இல் அமெரிக்காவில் வில்லியம் ஷெர்மன் என்ற மருத்துவர் வனேடியம் கலந்த எஃகில் எலும்புத் தகடுகள் செய்தார். பலத்தில் குறை இல்லை. ஆனால் உடம்புக்குள் போனதும் அவை அரிபடத் தொடங்கின. பலம் வேறு, அரிமானத்தைத் தாங்குவது வேறு என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது இப்படித்தான். எஃகில் குரோமியத்தை நிறையச் சேர்த்து, நாம் எவர்சில்வர் என்று சொல்லும் உலோகம் வந்த பிறகு நிலைமை மாறியது.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேலுள்ள ஒரு படலம். குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பு முழுக்க அதை உண்டாக்குகிறது. கனம் சில நானோமீட்டர்தான், தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. கீறினால் மறுகணமே தானாகவே மூடிக்கொள்ளும். அந்தப் படலத்துக்கு எதிரி உப்பில் உள்ள குளோரைடு. உப்புத் தூக்கலான ஊறுகாயை எவர்சில்வர் டப்பாவில் மாதக்கணக்கில் விட்டுவைத்துக் கழுவிப் பாருங்கள்: பாத்திரம் முழுக்கப் பளபளவென்று இருக்கும், அடியில் மட்டும் ஊசியால் குத்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். இதற்குக் குழி அரிமானம் என்று பெயர். உலோகம் முழுக்கத் தேய்வதைவிட இது ஆபத்து. வெளியே ஒரு புள்ளி. உள்ளே ஆழமான குழி.

அதனால் சமையலறை எவர்சில்வரை எலும்பில் வைப்பதில்லை. அங்கே போவது 316 எல் என்ற ரகம். குரோமியம், நிக்கலோடு இதில் மாலிப்டினம் இரண்டு முதல் மூன்று சதவீதம் இருக்கும். குழி விழுவதைத் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ‘எல்’ என்பது கார்பன் மிகக் குறைவு, 0.03 சதவீதத்துக்கு மேல் போகாது என்பதற்கான குறி. கார்பன் மிஞ்சினால், சூடுபடும்போது அது குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு உலோக மணிகளின் ஓரங்களில் ஒதுங்கிவிடும். குரோமியம் குறைந்துபோன அந்த ஓரங்களில் படலம் சரியாக உருவாவதில்லை.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் இந்தத் தகடுகளுக்கு ஒரு பலவீனமான இடம் உண்டு. திருகாணியின் தலை தகட்டில் உட்காரும் இடுக்கு அது. அங்கே தேங்கும் நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், குளோரைடும் அமிலமும் சேரும். நடக்கும்போதெல்லாம் திருகாணி இம்மியளவு அசைந்து உரசும், படலம் கிழியும், மூடிக்கொள்ள ஆக்சிஜன் இருக்காது.

இதை நம் ஊரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். 1990-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ். ராஜேஸ்வரியின் குழுவும், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் காமாட்சி முதலியும், நோயாளிகளின் உடம்பில் உடைந்துபோன எஃகுச் சாதனங்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். அரிமானத்தால் விழுந்த குழியிலிருந்து விரிசல் புறப்பட்டிருந்தது. இப்படி உடையும் உலோகத்தின் முறிவுப் பரப்பில், அலை பின்வாங்கிய மணலில் நிற்கும் வரிகளைப்போல் வரிவரியாகத் தடம் இருக்கும். ஒவ்வோர் அடி எடுத்துவைக்கும்போதும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்ததற்கான சாட்சி அது. “இன்னும் ஆறு வாரம் காலை ஊன்றாதீர்கள்” என்று டாக்டர் சொல்வதற்கு எலும்பு மட்டும் காரணம் இல்லை. எலும்பு கூடும்வரை பாரத்தைத் தாங்குவது தகடு. எலும்பு கூடாமல் போனால் ஒருநாள் தகடும் உடையும்.

அணு உலைக்கும் கால் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். கல்பாக்கத்தில் உலைக்கு வேண்டிய எஃகை அரிமானத்திலிருந்து காப்பது அன்றாட வேலை. நைட்ரஜன் சேர்த்தால் எஃகில் குழி விழுவது குறைகிறது என்பது அவர்கள் நன்றாக அறிந்த விஷயம். உலைக்காகச் சேர்ந்த அந்த அறிவு எலும்புக்கும் பயன்பட்டது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. சோதிக்கும் முறையும் அழகானது. உடல்நீருக்கு இணையான உப்புக் கரைசலை 37 டிகிரியில் வைத்து, அதில் உலோகத்துண்டை முக்கி, மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். வெகுநேரம் மின்னோட்டம் அசையாது. ஒரு கட்டத்தில் திடீரென்று எகிறும். படலம் உடைந்த தருணம் அது. எவ்வளவு தள்ளி உடைகிறதோ அவ்வளவு நல்ல உலோகம்.

இந்தச் சோதனையில் எஃகைவிட வெகுதூரம் தாக்குப்பிடிப்பது டைட்டானியம். அதன் மூலப்பொருள் நமக்குத் தொலைவில் இல்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் இருக்கிறது. செங்கோட்டை தாண்டி, மலையிறங்கி, கொல்லம் போனால் பக்கத்திலேயே சவரா. அங்கே 2011 முதல் டைட்டானியம் எடுக்கும் ஆலை நடக்கிறது. விண்வெளித் துறையின் தேவைக்காகத் தொடங்கியது அது.

மூன்றாவது ரகம் கோபால்ட் கலவை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்திய இதய வால்வின் கூடு அந்த வகைக் கலவைதான். ஆண்டுக்கு ஏறக்குறைய நான்கு கோடி முறை திறந்து மூடும் வால்வு அது. அதற்குள் அசையும் தட்டோ பிளாஸ்டிக். உலோகத்தோடு உலோகம் உரசுவதில்லை.

உரசினால் என்ன ஆகும் என்பதை வேறோர் இடத்தில் உலகம் பார்த்தது. கோபால்ட்–குரோமியக் கிண்ணத்துக்குள் அதே உலோகப் பந்து சுழலும் ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டை, ஜான்சன் அண்ட் ஜான்சனின் டெப்யூ நிறுவனம் 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. உலோகத் துகளும் அயனிகளும் சுற்றியுள்ள சதையிலும் ரத்தத்திலும் கலந்தன. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் அதைப் பொருத்தியிருந்தார்கள். மத்திய அரசின் நிபுணர் குழு இழப்பீடு தரச் சொன்னது. ஆனால் அதைப் பொருத்திக்கொண்டவர்களில் சுமார் 3,600 பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று அந்தக் குழுவின் அறிக்கை சொல்கிறது. தன் உடம்பில் இருப்பது எந்த மூட்டு என்று தெரியாமலே நடந்துகொண்டிருக்கும் மனிதர்கள்! இதை நினைக்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது.

ஆகவே கம்பி வைத்துக்கொண்டவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. தகடோ கம்பியோ வரும் உறையில் ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி, உலோகம், அளவு, லாட் நம்பர் எல்லாம் அதில் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் அதை ஒட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். எஃகா டைட்டானியமா என்று தெரிந்தால், பின்னால் ஒரு திருகாணி மாற்ற வேண்டி வந்தாலும் வேறு உலோகத்தைக் கலக்காமல் பார்த்துக்கொள்வார்கள். அடிபட்டது கடையநல்லூராக இருக்கும், கழற்றுவது துபாயாக இருக்கும். திருகாணியின் தலைப் பள்ளம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். எந்தக் கம்பெனி என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அதற்குப் பொருந்தும் திருப்புளியை ஆபரேஷனுக்கு முன்பே வரவழைத்து வைத்திருப்பார்கள்.