மழைக்கணக்கும் மக்கள் துணையும்



கொள்ளேகாலிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் பாதையில், ஹனூரையும் ராமாபுரத்தையும் கடந்தபின் கௌதள்ளி என்னும் ஊர் வருகின்றது. கொள்ளேகால் தாலுகா 1956-ஆம் ஆண்டில்தான் மைசூர் ராஜ்யத்துடன் சேர்ந்தது. அதற்கு முன் அது கோயம்புத்தூர் ஜில்லாவின் பகுதியாக இருந்தது. ஆகவே, அப்பக்கத்தில் கன்னடமும் தமிழும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிப்பது புதுமையன்று.

மலைக்குச் சென்ற ஒரு பயணத்தின்போது, அவ்வூர்த் தேநீர்க் கடையொன்றில் சற்று நேரம் அமர்ந்திருந்தேன். நான் மத்திய அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன் என்பதை அறிந்த முதிய விவசாயி ஒருவர் என்னைக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, வானத்திலே கோள் விடுறதுக்குக் கோடி கோடியாச் செலவு பண்றாங்களே, அந்தப் பணத்திலே ஊருக்கு நாலு போர்க்கிணறு போட்டுத் தரக்கூடாதுங்களா?"

இக்கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடுதல் தகாது. வரி செலுத்துகின்றவன் கேட்கவேண்டிய கேள்வியே அது. ஆயின் அதற்கு விடையும் உண்டு.

கிணறு வெட்டுவது எளிது. நீர் உள்ள இடத்தில் வெட்டுவதே அரிது. அப்பகுதி பாறை நிலம். அங்கே நீர் பாறையின் வெடிப்புகளிலும் சிதைந்த அடுக்குகளிலுமே தங்குகின்றது. நிலத்தில் நின்று நோக்குவார்க்குப் புலப்படாத நெடிய வெடிப்புக் கோடுகள், உயரத்திலிருந்து எடுத்த படத்தில் தெளிவாகத் தெரிகின்றன. நம் நாடு 1979-இல் பாஸ்கரா என்னும் புவிநோக்குக் கோளையும், 1988 மார்ச் 17-இல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்னும் தொலையுணர்வுக் கோளையும் விண்ணிற்கு அனுப்பிற்று. இவ்வழியில் வந்த கோள்களின் படங்களைக் கொண்டே, ஹைதராபாதிலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம், குடிநீர்த் திட்டத்திற்காக நிலத்தடி நீர் வாய்ப்பைக் காட்டும் வரைபடங்களைப் பிற துறைகளுடன் சேர்ந்து தயாரித்தது. முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட மாநிலங்களுள் கர்நாடகமும் ஒன்று. எனவே, பெரியவர் கேட்ட கிணற்றுக்கும் வானத்துக் கோளுக்கும் பகையில்லை. முன்னதற்குப் பின்னது வழிகாட்டி.

எனினும், இத்தகைய ஆராய்ச்சியின் பயன் பெரும்பாலும் செலவழித்தவர் காலத்தில் கைக்கு வருவதில்லை. இந்திய வானிலைத் துறை 1875-இல் நிறுவப்பட்டது. 1864-இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலும், 1866, 1871 ஆகிய ஆண்டுகளில் பருவமழை பொய்த்ததுமே அதற்குக் காரணங்கள். அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தையும் மைசூரையும் பெரும்பஞ்சம் சூழ்ந்தது. அன்று துறையிடம் தக்க கணக்கு இல்லை, முன்னறிவிக்க வழியுமில்லை.

1904-இல் அத்துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர், உலகின் பல பகுதிகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் கணக்குகளைத் திரட்டினார். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் இந்தியக் குமாஸ்தாக்கள் எண்களைக் கையாலேயே கணக்கிட்டனர். அவ்வுழைப்பிலிருந்தே, பசிபிக் கடலின் கிழக்கிலும் மேற்கிலும் அழுத்தம் துலாத் தட்டுகளைப் போல் ஏறி இறங்கும் 'தென் அலைவு' வெளிப்பட்டது. வாக்கர் எதிர்பார்த்த துல்லியமான மழை முன்னறிவிப்பு அவர் காலத்தில் கைகூடவில்லை. ஆனால் 1960-களில், இவ்வலைவும் எல் நினோ என்னும் கடல் வெப்ப மாறுதலும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை பியர்க்னெஸ் விளக்கினார். இன்று நம் பருவமழை முன்னறிவிப்பில் எல் நினோ நிலையைக் கருதாதிருப்பதில்லை. குமாஸ்தாக்களின் ஊதியத்தை வீண்செலவென்று அன்று நிறுத்தியிருந்தால், இந்த அறிவு எத்தனை காலம் பின்தங்கியிருக்கும்!

விட்டுப்போன கட்டடத்தைப் பின்னர்க் கட்டலாம். விட்டுப்போன ஆண்டின் மழையை எவராலும் மீண்டும் அளக்க இயலாது. பொதுப்பணத்தின் துணை இடையறாது இருத்தல் வேண்டும் என்பது இதனாலேயே.

அங்ஙனம் திரட்டிய அறிவு யாவர்க்கும் கிட்டுதலும் வேண்டும். அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் நெடுங்காலம் விலைக்கே கிடைத்தன. 2008-இல் அவற்றை இலவசமாக்கியதும், அவற்றைப் பயன்படுத்துவோர் பன்மடங்கு பெருகினர். 5 மீட்டரும் அதனினும் பருமனுமான நுணுக்கமுடைய தொலையுணர்வுத் தரவு தடையின்றிக் கிடைக்கவேண்டும் என்று இந்திய விண்வெளிக் கொள்கையும் 2023-இல் கூறியுள்ளது.

ஆயினும் வானத்துக் கண் தனித்து நிற்க முடியாது. கோள் மதிப்பிட்ட மழை சரிதானா என்பதை நிலத்து மழைமானியே சொல்லவேண்டும். கர்நாடகம் 1988-இல் வறட்சிக் கண்காணிப்புப் பிரிவொன்றை அமைத்தது. அதன் வழிவந்த இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம், கிராமப் பஞ்சாயத்துகள்தோறும் தானியங்கி மழைமானிகளை நிறுவியுள்ளது. அவற்றின் தொகை 6,000-க்கும் மேல். வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டில், விவசாயிக்கு ஈட்டுத்தொகை உண்டா இல்லையா என்பதை இத்தகைய மானிகளின் கணக்கே முடிவு செய்கின்றது. மானியின் வாயில் இலை அடைத்தாலும், அருகில் மரக்கிளை கவிந்தாலும் கணக்குப் பிழைக்கும். பிழைத்த கணக்கால் இழப்பவர் அவ்வூராரே. ஆகவே மக்கள் துணை என்பது வரிப்பணத்தோடு முடிவதன்று. மானியைக் காப்பதும் அதன் கணக்கைக் கேட்டறிவதும் அதில் அடங்கும்.

இவற்றுள் சிலவற்றை அன்று பெரியவரிடம் என்னால் இயன்ற அளவு சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "கணக்கு எடுக்கட்டுங்க, வேண்டாங்கலே. எடுத்ததை எங்களுக்குப் புரியற பேச்சிலே ஒரு தரம் சொல்லிட்டுப் போகக்கூடாதுங்களா?" என்றார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அது சுருக்கென்று தைத்தது. தனக்கு விளங்காத ஒன்றை மக்கள் எத்தனை நாள் ஆதரிப்பர்? பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நீங்கள் இரு மொழி அறிந்தவர்கள். உங்கள் ஊரின் மழைமானி எங்கே இருக்கின்றது என்று இவ்வாரம் கேட்டறியுங்கள். அது சொல்லும் செய்தியை, அம்மொழி அறியாத அண்டை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அரசாங்கத்தின் ஆராய்ச்சி மக்களின் உடைமையாவதற்கு முதற்படி அதுவே.