பழமரமும் பன்றித் தொழுவமும்

1998-ஆம் ஆண்டின் இறுதியில், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பன்றி வளர்ப்போரிடையே கடும் ஜுரமும் மூளை வீக்கமும் தோன்றியபோது, அதனைக் கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதி, ஊரெங்கும் மருந்துப் புகை அடித்தும் தடுப்பூசி போட்டும் வந்தனர். ஆயினும் மரணங்கள் நின்றபாடில்லை.

மறு ஆண்டு மார்ச் மாதத்தில், மலாயா சர்வகலாசாலையில் வைரஸ் இயல் பயின்றுகொண்டிருந்த டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் தண்டுவட நீரைச் சேர்த்து வளர்த்த உயிரணுக்களை நுண்பெருக்கியில் நோக்குங்கால், அவை எல்லை கரைந்து, ஒன்றோடொன்று இணைந்து, பெருந்திட்டுகளாகக் கிடக்கக் கண்டார். ஜப்பானியக் காய்ச்சலின் லக்ஷணம் அதுவன்று! அக்கிருமியை அவர் அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று பரிசோதிக்க, உலகம் அதுவரை அறியாத நீபா வைரஸ் அதுவெனப் புலனாயிற்று. பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட கனி, மரத்தடித் தொழுவத்தில் விழ, பன்றியின் வழியே மனிதனை நோய் அடைந்தது என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுமார் பத்து லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன.

புதிதாய்த் தோன்றும் தொற்றுநோய்களைக் கல்லூரியில் போதிக்கும் ஆசிரியர்கள், கிருமிகளின் நாமாவளியை மனப்பாடம் செய்விப்பதினும், இவ்வொரு சரித்திரத்தைப் படிப்படியாக விவரித்து, வௌவாலையும் விருக்ஷத்தையும் தொழுவத்தையும் சேர்த்துச் சிந்திக்க மாணாக்கரைப் பழக்குவதே மேல் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதே நீபா 2018-இல் நம் அண்டை மாநிலமான கேரளத்துக் கோழிக்கோட்டிலும் தோன்றியது. வௌவால் கடித்த பழம் மரத்தடியில் கிடந்தால், குழந்தைகளைத் தொட விடாதீர்கள்.