இரண்டு பயணச்சீட்டுகள்

ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை





சில வருடங்களுக்கு முன் நமது கணக்கறிக்கையில் ஒரு வரி இருந்தது: "மாநாட்டுப் பயணம், கோழிக்கோடு, இருவர்." ஒருவர் போனால் போதாதா, காணிக்கைப் பணம் ரயில் கட்டணத்துக்குச் செல்லலாமா என்று உங்களில் சிலர் அன்போடு கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அந்தப் பயணத்தின் பலன் என்னவென்று எங்களுக்கே அன்று தெரியாததால் பொறுத்திருந்தோம். இன்று சொல்லுகிறோம்.

அது பாலியேட்டிவ் கேர் என்னும் ஆதரவுச் சிகிச்சை குறித்த மாநாடு. இனிக் குணமாக்க முடியாது என்ற நிலையிலுள்ள நோயாளியின் வலியைத் தணித்து, கடைசி நாள்வரை அவரைத் தாங்கும் சிகிச்சை இது. நம் ஊருக்கு இது புதிய தேவை அல்ல. காஞ்சியின் மைந்தர் அறிஞர் அண்ணா 1969-ல் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரிலேயே காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களில் பலர், வலி தாங்காத இரவில் அருகில் இருக்கும் நம் வாசலுக்குத்தான் வருவார்கள். அவர்களருகே உட்கார்ந்து ஜெபிப்போம். ஆனால் வலியால் துடிப்பவர் காதில் ஜெபம் விழுவதில்லை. ஊழியத்தில் இருக்கிற எவருக்கும் இது தெரியும்.

எங்களோடு வந்த நண்பர் மருந்தகப் பொறுப்பாளர். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. முதலில் அவர் வரவே சம்மதிக்கவில்லை. "ஐயா, நீங்க போயிட்டு வாங்க. முப்பது வருஷமா மார்பின் ஊசிக்குக் கணக்கு எழுதுறவன் நான். ஒண்ணு குறைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும். அதையே மாத்திரையா வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கன்னா எனக்குத் தூக்கம் வராது" என்றார். அதற்காகவே அவரை அழைத்துச் சென்றோம். சீஷர்களை ஆண்டவர் இரண்டிரண்டு பேராக அனுப்பினதாக மாற்கு எழுதுகிறார். அதில் ஒருவர் தயங்குகிறவராயிருப்பது நல்லது என்பது எங்கள் எண்ணம்.

அரக்கோணத்தில் இரவு ரயில் ஏறினோம். நண்பரின் மனைவி மந்தாரை இலையில் கட்டிக் கொடுத்த காஞ்சிபுரம் இட்லி, மிளகும் சுக்குமாய், பெட்டி முழுக்க மணத்தது. ஜோலார்பேட்டை தாண்டியும் நாங்கள் தூங்கவில்லை. பேச்செல்லாம் சட்டத்தைப் பற்றியே. 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், மார்பின் வைத்திருக்க ஒரு மருத்துவமனை பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. தண்டனைக்குப் பயந்து அநேகர் அதைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள். மத்தியப்பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் ஆகிய இடங்களில் அரசு அனுமதியோடு கசகசாச் செடி பயிராகிறது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் உண்டு. அபினை அயல்நாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற தேசத்தில் ஏழை நோயாளி பாராசிட்டமாலோடு துடிப்பது என்ன நியாயம்? 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அனுமதி போதும் என்றாயிற்று. நண்பர் இதை நம்பவில்லை. "காகிதத்துல இருக்கும்" என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டார். விழித்தபோது பாலக்காட்டுக் கணவாயின் பச்சை தெரிந்தது.

கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் சிறிய அளவில் தொடங்கிய வேலை, பிற்பாடு ஊர் மக்களின் வேலையாகவே மாறிவிட்டது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்குகிறார்கள். செலவின் பெரும்பகுதி சாதாரண ஜனங்களின் சில்லறைக் காசு. 2008-ல் கேரள அரசே இதைக் கொள்கையாக அறிவித்தது. மேடைப் பேச்சுகள் பல இருந்தன. திரையில் எழுத்துகள் ஓடிய வேகத்துக்கு எங்கள் கண் ஈடுகொடுக்கவில்லை. ஒரு பேச்சு மட்டும் மனதில் நின்றது. லண்டனில் 1967-ல் புனித கிறிஸ்டோபர் விடுதியைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் செவிலியர், பிறகு சமூகப்பணியாளர், அதன்பின் மருத்துவர். சரீரம், மனம், குடும்பம், ஆவி ஆகிய நான்கின் நோவும் சேர்ந்ததே மனுஷனுடைய வேதனை என்று அவர் போதித்தார்.

மூன்றாம் நாள் வீட்டுச் சந்திப்புக்கு அழைத்துச் சென்றார்கள். ஒரு செவிலியர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஆட்டோ ஓட்டும் வாலிபர் ஒருவர், நாங்கள் இருவர். மார்புப் புற்றுப் புண்ணோடு ஒரு தாயார் படுத்திருந்தார். நாற்றத்துக்கு வெட்கப்பட்டுப் பேரப்பிள்ளைகளைக் கிட்டே வரவிடாமல் இருந்தவராம். செவிலியர் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினார். சில நாட்களாகவே அப்படிக் கட்டியதில் நாற்றம் வெகுவாய்க் குறைந்து, பிள்ளைகள் கட்டிலோரம் விளையாடிக்கொண்டிருந்தன. நாங்கள் அந்தத் தாயாரின் கணவரோடு பேசிக்கொண்டிருக்க, நண்பரோ செவிலியரின் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். எத்தனை மார்பின் மாத்திரை கொடுத்தது, எத்தனை சாப்பிட்டது, எத்தனை மீதி என்று வரிசையாய் எழுதியிருந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

திரும்பும் ரயிலில் அவர்தாம் பேசினார். எங்கள் கையேட்டின் பின்புறத்திலேயே விண்ணப்பத்தின் நகலை எழுதத் தொடங்கி, ஈரோடு வருமுன் முடித்துவிட்டார். இரட்டைப் பூட்டு அலமாரி எங்கே வைப்பது, எந்த மருத்துவரைப் பயிற்சிக்கு அனுப்புவது, எல்லாம் அதில் இருந்தது. நாங்கள் தனியாகப் போயிருந்தால் ஒரு நல்ல பிரசங்கத்தோடு திரும்பியிருப்போம். மருந்து வந்திருக்காது.

அங்கீகாரம் கிடைத்தபின் வந்தவர்களில் ஒருவர் பட்டு நெசவாளர்; தொண்டையில் புற்று. நான்கு மணிக்கு ஒருதரம் மார்பின், மலச்சிக்கலுக்கு உடன் ஒரு மாத்திரை, அளவு பார்த்துப் பார்த்து. சரியான முறையில் கொடுத்தால் வலி நோயாளி போதைக்கு அடிமையாவது அபூர்வம் என்று வீட்டாருக்கு நண்பரே விளக்கினார். மூன்றாம் நாள் இரவு அவர் தூங்கினார். அதன்பிறகுதான் வாய் திறந்து, உள்ளே கிடந்ததைச் சொன்னார்: முதலாளியிடம் வாங்கின முன்பணம், தறியில் பாதியில் நிற்கும் சேலை. அவர் நம் சபையார் அல்ல. அதைக் கேட்க நாங்கள் போகவுமில்லை. நாங்கள் முதலாளியைப் பார்த்துப் பேசினோம். மகன் சேலையை முடித்துத் தருவதென்று ஏற்பாடாயிற்று. வலி அடங்கின நாட்களில் தறியருகே பாய் போட்டு உட்கார்ந்து, கோர்வை போடுகையில் கரை பிசகாமல் மகனுக்குக் கை காட்டிக் கொடுத்தாராம்.

அவர் வீட்டிலேயே, தம் ஜனங்கள் நடுவே காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகன் ஒரு காகித உறையோடு மருந்தகத்துக்கு வந்தான். மிஞ்சின மாத்திரைகள் அதில் இருந்தன. நண்பர் அவன் எதிரிலேயே இருமுறை எண்ணி, பதிவேட்டில் எழுதி, அவனிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.