பூத்தும் காய்க்காத பிளம்ஸ்



நம்ம கொடைக்கானல் மலையில பல வீட்டுத் தோட்டத்திலும் பிளம்ஸ் மரம் நிக்குது. "பூக்குது, காய்க்கலை"ன்னு அதை வெட்டிடாதீங்க. ஹேல் போன்ற வகைகள் தனி மரமாக நின்றால் சரியாகக் காய்க்காது. அதே சமயம் பூக்கும் வேறு வகை பக்கத்தில் வேண்டும், தேனீயும் வரவேண்டும். இடமில்லையா? அதே மரத்தில் வேறு வகையின் கிளையை ஒட்டுக் கட்டலாம்.

இலை உதிர்ந்து நிற்கும் டிசம்பர், ஜனவரியில் காய்ந்த கிளை, உரசும் கிளைகளைக் கவாத்து செய்து தொழுவுரம் போடுங்க. பூத்திருக்கும்போது பூச்சிமருந்து அடிக்காதீங்க.

இன்னொண்ணு. அவசரச் செலவுக்காகப் பூவிலேயே மரத்தைக் குத்தகைக்கு விடாதீங்க. அந்தச் செலவுக்குக் குழுவில் உள்கடன் கேளுங்க. பழம் வந்ததும் எல்லார் பழத்தையும் சேர்த்து, எடை போட்டு விற்போம். மரம் நம்மது, விலையும் நாமே பேசுவோம்.